மில் கேட்டுக்கு வெளியே

ஆலை ஒன்று விரிவடைகிறது என்றதும் எத்தனை பேருக்கு வேலை என்றுதான் முதலில் கேட்கிறோம். பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் கேட்டுக்குள் நுழைபவர்களின் தலைக்கணக்கு. அந்தக் கணக்கு போதாது என்பதற்குக் கோயம்புத்தூரே சான்று. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் அங்கே நூற்பாலை தொடங்கிய பிறகும் பல்லாண்டுகள் மில்கள் சிலவாகவே இருந்தன. 1930-களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின்சாரம் நீலகிரியிலிருந்து இறங்கியதும் தூரத்து நிலக்கரியை நம்பும் தேவை குறைந்தது. பருத்தி பக்கத்திலேயே விளைந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை சரிந்ததால், வசதியுள்ள விவசாயிகளின் பணமும் வசதியற்றவர்களின் உழைப்பும் மில்லை நோக்கித் திரும்பின.

மில்கள் பெருகியதன் பெரிய பலன் பழுதுபார்க்கும் பட்டறைகளில் விளைந்தது. நூற்பு இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. ஒரு பல்சக்கரம் உடைந்தால் கப்பலுக்குக் காத்திருக்க முடியாது. உள்ளூர் பவுண்டரியில் வார்த்து, லேத்தில் கடைந்து மாட்டியாக வேண்டும். இரண்டாம் உலகப்போரில் இறக்குமதி தடைப்பட்டபோது இந்தத் தேவை இன்னும் இறுகியது. அதே கைத்திறன் வயலுக்கும் போனது. மாடு பூட்டிக் கவலையில் இறைத்த ஆழக் கிணறுகளுக்கு மின்மோட்டாரும் பம்பும் தேவைப்பட்டன. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்ளூரிலேயே மின்மோட்டார் செய்துகாட்டினர். பிற்காலத்தில் பல மில்கள் மூடப்பட்டபோதும் பம்புத் தொழில் ஊரைத் தாங்கியது.

இதில் மில்லுக்கு என்ன பெருமை, எல்லாம் மின்சாரத்தின் வேலைதானே என்று கேட்கலாம். மின்சாரம் வாய்ப்பைத் தந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் கம்பி போன ஊரெல்லாம் பட்டறை ஊராகிவிடவில்லை. இரவு பகலாக ஓடும் இயந்திரங்களும், உடைந்ததை உடனே சரிசெய்யக் காசு கொடுப்பவர்களும் நெருங்கியிருந்த இடத்தில்தான் கைத்திறன் தொழிலாக வளர்ந்தது. இன்னொரு மறுப்பு கனமானது: அந்த வேலைகள் எப்படிப்பட்டவை? நீண்ட நேர உழைப்பும் சொற்பக் கூலியும் கடும் மோதல்களைக் கிளப்பின. ரங்கவிலாஸ் மில் போராட்டத்தை ஒட்டிய கொலை வழக்கில் சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டனர். ஆலை பெருகினால் கௌரவமான கூலி தானாக வந்துவிடாது. அது சங்கம் கட்டிப் போராடிப் பெற்றது.

ஆகவே, இன்று ஓர் ஊரில் ஆலை விரியும்போது ஆள் எண்ணிக்கையோடு இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். அதன் உதிரிபாகங்கள் எங்கே தயாராகும்? அங்கே வேலை செய்பவர் கூலி பேச இடம் உண்டா? முதல் கேள்விக்கு வெளியூரும் இரண்டாவதற்கு மௌனமும் பதிலானால், ஆலை மூடும் நாளில் ஊருக்கு மிஞ்சுவது காலிக் கட்டடம்தான்.