கிராமச் சபையும் பயிர்ச்செய்கைக் கூட்டமும்: மட்டக்களப்பு வாவிக்கரை உள்ளூராட்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

ஈழத்துத் தமிழர் வரலாறு பற்றி எழுதப்பட்டவற்றுள் அரசர்க்கும் கோயில்களுக்கும் தேர்தற் கட்சிகளுக்கும் கிடைத்த இடம் கிராமச் சபைகளுக்குக் கிடைக்கவில்லை. ஒழுங்கைக்குக் கிறவல் போடுதல், பொதுக் கிணற்றைத் துப்புரவாக்குதல், சந்தையைக் குத்தகைக்கு விடுதல், மயானத்திற்கு வேலியடைத்தல் ஆகியனவே அச்சபைகளின் அலுவல்களாக இருந்தமையால், அவை வரலாற்றாசிரியரின் கவனத்திற்கு உரியனவல்ல எனக் கருதப்பட்டன போலும். ஆயின் ஒரு சபை எதைப் பேசிற்று என்பது எவ்வளவுக்கு வரலாற்றுச் சான்றோ, எதைப் பேசும் உரிமை அதற்கு இருக்கவில்லை என்பதும் அவ்வளவுக்குச் சான்றே. நிகழ்ச்சி நிரல் எழுதப்படுவதற்கு முன்னரே அதன் எல்லை வகுக்கப்பட்டுவிடுகிறது. அவ்வெல்லையை வகுத்தோர் யாவர், எவர் நலன் கருதி வகுத்தனர் என்னும் வினாக்களை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

இவ்வாய்வுக்கு மட்டக்களப்பு வாவிக்கரை மிகப் பொருத்தமான களமாகும். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வீதியில், குருக்கள்மடத்திற்கும் மாங்காட்டிற்கும் இடையே அமைந்தது செட்டிபாளையம். கிழக்கே கடல், மேற்கே வாவி. கண்ணகி அம்மன் ஆலயமும் குடிமனைகளும் தென்னந்தோட்டங்களும் இந்த ஒடுங்கிய எழுவான்கரையில் உள்ளன. பரந்த வயல்வெளிகளோ வாவிக்கு அப்பால், படுவான்கரையில் உள்ளன. விதைப்புக்கும் வேளாண்மை வெட்டுக்கும் மக்கள் தோணியிலும் 'பாதை' என வழங்கும் மிதவையிலும் வாவியைக் கடந்தனர். மண்முனைத் துறைக்குப் பாலம் வந்தது 2014 ஆம் ஆண்டிலேதான்.

நிருவாகப் பிரிவும் இந்த வாவியையே எல்லையாகக் கொண்டது. செட்டிபாளையம் இன்று களுவாஞ்சிகுடியைத் தலைமையிடமாகக் கொண்ட மண்முனை தென் எருவில் பற்றைச் சேர்ந்தது. எதிர்க்கரை நிலங்கள் மண்முனை தென்மேற்கு, போரதீவுப் பற்று ஆகிய பிரிவுகளைச் சேர்ந்தவை. ஆகவே எழுவான்கரை உழவர் தாம் வாக்களித்து அமைக்கும் சபையில் தமது வீட்டு வாசலின் ஒழுங்கையைப் பற்றிப் பேசலாம்; தமது வயலைப் பற்றிப் பேச முடியாது. இதனைப் புவியியலின் விளைவு என்று மாத்திரம் கொள்வது தவறு. வாவி இல்லாத ஊர்களிலும் வயல் சபைக்கு வெளியேதான் நின்றது. வாவி, ஏற்கெனவே இருந்த ஒரு பிரிவினையைக் கண்ணுக்குப் புலப்படுத்துகிறது, அவ்வளவே.

2

கிராமச் சபை பற்றிப் பேசும்போதெல்லாம் பழந்தமிழர் ஊராட்சியின் சிறப்பை எடுத்துரைத்தல் மரபாகிவிட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரிய, உத்திரமேரூர்ச் சாசனங்களாகும். குடவோலை முறையையும் வாரியங்களையும் போற்றுவோர், அச்சாசனங்கள் வகுத்த தகுதிகளைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றனர். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையிற் கட்டிய வீடும் வேதப் பயிற்சியும் உடைய, 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்ட ஆடவரே தெரிவுக்கு உரியர். அது பிராமண நிலவுடைமையாளரின் சபை. அந்நிலத்தை உழுதோர்க்கு அதில் இடமில்லை. இந்தியக் கிராம சமுதாயங்கள் பற்றி 1853 இல் எழுதிய கார்ல் மார்க்சு, அவற்றினுள் சாதிப் பிரிவும் அடிமைமுறையும் குடிகொண்டிருந்தமையை மறக்கலாகாது என்று எச்சரித்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

எனினும் ஓர் உண்மையை மனங்கொள்ளல் வேண்டும். உத்திரமேரூரின் வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. நீர் சபையின் அலுவலாக இருந்தது. நிலமுடையோர் நிலத்தையும் நீரையும் ஒரே சபையில் வைத்து ஆண்டனர். நவீன கிராமச் சபை இதற்கு நேர்மாறாக அமைந்தது. அதன் வாயில் படிப்படியாக யாவர்க்கும் திறக்கப்பட்டது. ஆனால் நீர் வேறொரு கூட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது.

3

இப்பிரிவினைக்குச் சட்டவடிவம் கொடுத்தவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரு கட்டளைச் சட்டங்களாகும். தேசாதிபதி சேர் ஹென்றி வார்டு காலத்தில் நிறைவேறிய 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம், வயற் செய்கையும் நீர்ப்பாசனமும் பற்றிய பழைய வழமைகளை மீட்டெடுத்து நடைமுறைப்படுத்துவதாகக் கூறிற்று. அரசாங்க அதிபர் கூட்டம் கூட்டுவார். வயலுடைமையாளர் இசைந்து விதிகள் வகுப்பர். சேர் ஹேர்கியூலிஸ் ரொபின்சன் காலத்து 1871 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கும் கிராம மன்றுகளுக்கும் வழிவகுத்தது. ஊர்ப்பாதை, கிணறு, வேலி, கட்டாக்காலி மாடு முதலியன இதன் பொறுப்பாயின. முதலாவது கூட்டத்திற்கு உரியவர் உடைமையாளர். இரண்டாவதற்கு உரியவர் ஊரவர். இவ்வேறுபாடே பின்வந்த நூறாண்டு வரலாற்றைத் தீர்மானித்தது.

'பழைய வழமை' என்னும் சொற்றொடரை நாம் ஐயத்துடன் நோக்குதல் வேண்டும். நெல்வரி 1892 இல் ஒழிக்கப்படும் வரை, வயல் விளைதல் குடியேற்ற அரசின் வருமானமும் ஆகும். வார்டின் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டமையை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளலாம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரித்து நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கி, அவற்றை விற்பனைப் பண்டமாக்கியது. பணமுடையோர் அவற்றை வாங்கினர். தமிழரும் முஸ்லிம்களுமாகிய பெரும் போடிமார் இச்சூழலில் வலுப்பெற்றனர். அவர்களின் கீழ் முல்லைக்காரர், வயற்காரர், அன்றாடக் கூலிகள் என அடுக்கடுக்காக உழைப்போர் அமைந்தனர். உடைமையாளர் கூட்டத்திற்கு அழைக்கப்பட்டோர் போடிமாரே.

அக்கூட்டத்தின் அலுவல்கள் எவை? விதைப்பின் தொடக்க நாளும் இறுதி நாளும், குளத்து நீர் திறக்கும் நாளும் மதகு அடைக்கும் நாளும், வாய்க்கால் வெட்டித் துப்புரவாக்கும் பங்கு, வட்டையைச் சுற்றி வேலியடைக்கும் கடமை, மாடுகளை மேய்ச்சற்றரைக்கு அப்புறப்படுத்தும் தவணை, நீர்ப்பங்கீட்டை மேற்பார்வை செய்யும் வட்டை விதானையின் நியமனமும் ஊதியமும். உழைப்போரின் ஓராண்டு உணவையும் கடனையும் தீர்மானிப்பன இவையே. மதகு ஒரு கிழமை முந்தி அடைபட்டால் வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ள சிறு நிலக்காரனின் கதிர் பதராகும். அந்த நாளைக் குறித்த கூட்டத்தில் அவன் குரல் ஒலித்ததா என்பதே வினா.

உடைமையாளர் கூட்டத்தில் இன்னொரு மறைவும் உண்டு. மட்டக்களப்பில் தாய்வழிக் குடிமரபு வலுவானது. கிறிஸ்தோபர் பிரிற்றோ 1876 இல் தொகுத்து வெளியிட்ட முக்குவச் சட்டம் இதற்குச் சான்று. வீடும் வயலும் சீதனமாகப் பெண்மக்களுக்குச் செல்லும் வழக்கம் அச்சட்டம் வலுவிழந்த பின்னரும் நிலைத்தது. ஆகவே உறுதியில் உடைமையாளராக இருந்தோருட் பெண்கள் பலர். கூட்டத்தில் உடைமையாளராகப் பேசியவர்களோ பெரும்பாலும் கணவரும் சகோதரருமே.

4

இருபதாம் நூற்றாண்டில் கிராமச் சபையின் வாயில் அகலத் திறந்தது. 1924 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தெரிவு செய்யப்பட்ட கிராமச் சங்கங்களுக்கு இடமளித்தது. 1931 இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1938 ஆம் ஆண்டின் 60 ஆம் இலக்கத் திருத்தத்தோடு, தலைமைக்காரர் தம் பதவி காரணமாகவே சங்கத்திற்குத் தலைமை தாங்கும் முறை மறைந்தது. வன்னிமையின் முன் கைகட்டி நின்றவன் கோட்பாட்டளவிலேனும் அக்கிராசனராக வரலாம் என்றாயிற்று. இதன் முற்போக்குத் தன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் 1946 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டம் பயிர்ச்செய்கைக் கூட்டத்தைத் தொடர்ந்தும் உடைமையாளர் கூட்டமாகவே வைத்திருந்தது. உழைப்போருக்கு ஒழுங்கை விளக்கில் வாக்குண்டு. மதகுப் பலகையில் இல்லை.

இது உள்ளூராட்சியின் இயல்பு எனக் கூறுவோர்க்கு, ஆள்வோரின் தாய்நாட்டிலிருந்தே மறுமொழி கூறலாம். பிரித்தானியாவின் உழவர் நிலமாகிய வேல்சில், மாவட்ட நிருவாகம் நெடுங்காலம் நிலப்பிரபுக்களான நீதவான்களின் கையில் இருந்தது. 1888 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின்படி 1889 இல் நடந்த முதலாவது தேர்தலில், அங்குப் பெரும்பாலான மாவட்டங்களில் லிபரல் கட்சியினர் வென்றனர். பழைய நிலவுடைமைக் குடும்பங்கள் பின்தள்ளப்பட்டன. 1908 ஆம் ஆண்டின் சிறுநிலச் சட்டம் அம்மாவட்டச் சபைகளே நிலத்தை வாங்கிச் சிறு உழவர்க்குக் குத்தகைக்கு விட வழிசெய்தது. நிலப்பிரபுத்துவம் அதனால் அங்கு ஒழிந்துவிடவில்லை. எனினும் நிலம் சபையின் மேசைக்கு வந்தது. அதே அரசு இலங்கைக் கிராமத்திற்கு அளித்த சபையில் நிலம் பேசுபொருளாகவில்லை.

5

இவ்விரு கூட்டங்களுக்குமிடையே எழுந்த சுவரை இடிக்க முயன்ற ஒரே பெருஞ்சட்டம் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நெற்காணிச் சட்டமாகும். அது குத்தகையாளரின் உரிமைக்குப் பாதுகாப்பளித்தது. குத்தகைக்கு விளைச்சலில் நாலிலொன்றை உச்ச வரம்பாக வகுத்தது. நமது நோக்கில் அதனினும் முதன்மையானது, அது தோற்றுவித்த பயிர்ச்செய்கைக் குழுக்களாகும். உழுவோர் தெரிவுசெய்யும் அக்குழுக்களுக்கு வட்டை விதானையின் கடமைகள் மாற்றப்பட்டன. நீரை ஆள்வதற்கு நிலத்தின் உறுதி வேண்டியதில்லை, உழைப்பே போதும் என்னும் கொள்கை சட்டத்தில் முதன்முறையாக இடம்பெற்றது.

அக்கொள்கை நிலைக்கவில்லை. 1959 மே மாதத்தில் பிலிப் குணவர்த்தன அரசாங்கத்தை விட்டு விலகினார். நீதிமன்றத் தீர்ப்புகளும் சட்டத்தின் ஓட்டைகளும் குழுக்களைத் தளர்த்தின. நாடெங்கும் வெளியேற்றப்பட்ட குத்தகையாளரின் முறைப்பாடுகள் ஆயிரக்கணக்கிற் குவிந்தன. மட்டக்களப்பு முறையில் ஒரு தனித்த இடர்ப்பாடும் இருந்தது. எழுத்தில் உடன்படிக்கையின்றி, முற்பணமும் நெல்லும் பெற்று உழைத்தவர், தாம் கூலியாள் அல்லர், சட்டம் கூறும் செய்கையாளரே என்பதைப் போடியாருக்கு எதிராக நிறுவவேண்டியிருந்தது. கடன்பட்டவன் கடன் கொடுத்தவனுக்கு எதிராகச் சாட்சி சொல்வது எளிதன்று.

பின்னர் வந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தம் வயலுக்கு 25 ஏக்கர் என உச்சவரம்பிட்டது. ஆயின் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு இருந்தமையால், பிள்ளைகளிடையே பங்கிடப்பட்ட நிலம் குடும்பத்தை விட்டு நீங்கவில்லை. 1973 ஆம் ஆண்டின் கமக் காணிகள் சட்டத்தோடு பயிர்ச்செய்கைக் குழுக்கள் அமைச்சரால் நியமிக்கப்படுவன ஆயின. தெரிவு போய் நியமனம் வந்தது இடதுசாரிகள் பங்குகொண்ட ஆட்சியிலேயே என்பதை நாம் மறைத்தலாகாது. 1979 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கக் கமநல சேவைகள் சட்டம் அக்குழுக்களையே நீக்கிற்று. 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது, நாட்டின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிராமச் சபைகளும் மறைந்தன. வயலின் குழுவும் ஊரின் சபையும் ஈராண்டு இடைவெளியில் ஒழிந்தமை தற்செயலன்று. திறந்த பொருளாதாரத்திற்குக் கீழிருந்து கேள்வி கேட்கும் மன்றங்கள் தேவைப்படவில்லை.

6

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் மக்களின் பங்கேற்பை நோக்கமாக அறிவித்தது. பொறுப்புகளோ முன்போலவே பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், வீதிகள் என அமைந்தன. மட்டக்களப்பில் அதுவும் முறையாக இயங்க யுத்தம் விடவில்லை. வாவியே நெடுங்காலம் இரு ஆட்சிகளின் எல்லையாக இருந்தது. படுவான்கரை 2007 இலேயே அரச படைகளின் வசமாயிற்று. 1994 இன் பின் அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் 2008 மார்ச் 10 இல் நடந்தது. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிய, 2025 மே 6 வரை தேர்தல் இல்லை. அவ்விடைக்காலத்தில் ஒழுங்கையும் சந்தையும் அதிகாரிகளின் பொறுப்பில் இருந்தன. அது பெரும் அரசியல் வினாவாக எழாமைக்குக் காரணம் சபைக்கு வழங்கப்பட்ட பொருளின் சிறுமையே.

பயிர்ச்செய்கைக் கூட்டம் இன்றும் நடைபெறுகிறது. அதிகாரிகள் தலைமை தாங்க, விவசாய அமைப்புகளின் பிரதிநிதிகள் விதைப்பு நாளையும் நீர் திறப்பையும் தீர்மானிக்கின்றனர். களை பிடுங்கும் பெண்களும், அறுவடை இயந்திரம் வந்தபின் வேலையிழந்த வெட்டுக்காரரும் அங்கு ஒரு தரப்பாகக் கொள்ளப்படுவதில்லை. அமர்ந்திருப்போரின் அதிகாரமும் சுருங்கிவிட்டது. 2021 இல் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே ஆணையால் தடைசெய்யப்பட்டபோது, கூட்டங்கள் விதைப்பு நாளைக் குறித்தன. பயிருக்கு உரம் இல்லை. மாடுகளை வட்டையிலிருந்து அகற்றும் தவணையைக் கூட்டம் குறிக்கும். அவை சென்று மேயும் மயிலத்தமடு, மாதவனைத் தரை யாருக்கு என்பது வேறிடத்திற் தீர்மானமாகிறது. அதற்கெதிராகவே பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினர்.

7

இலக்கிய மாணவர் என்ற முறையில் ஒன்று கூறி முடிக்கலாம். வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) போன்ற நூல்கள் வழி நாம் பெற்றுள்ள இப்பிரதேச நாட்டார் பாடல்களை, எளிய இன்ப வாழ்வின் வெளிப்பாடாகவே நம்மிற் பலர் படித்துவந்துள்ளோம். ஏர்க்களத்திலும் சூட்டுக்களத்திலும் பாடியோர், மேலே விவரித்த கூட்டங்களின் பதிவேட்டில் பெயர் இடம்பெறாதவர்கள். அவர்களின் பாடலைக் கூட்டக் குறிப்போடு பக்கத்திற் பக்கமாக வைத்துப் படிக்கும்போதே இவ்வாவிக்கரையின் சமூக வரலாறு முழுமை பெறும். கிராமச் சபைகளினதும் வட்டைகளினதும் எஞ்சியுள்ள பதிவேடுகளைத் தேடிக் காக்கும் பணியைத் தமிழ்ச் சங்கங்கள் தம் ஆய்வுப் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளுதல் நன்று.

ஊராட்சிச் சீர்திருத்தம் பற்றிய விவாதங்கள் உறுப்பினர் தொகை, வட்டார எல்லை, தேர்தல் முறை ஆகியவற்றையே சுற்றி வருகின்றன. 2018 இல் நடைமுறைக்கு வந்த பெண்களுக்கான 25 சதவீத ஒதுக்கீடு வரவேற்கத்தக்கதே. ஆயின் சபையில் யார் அமர்வது என்னும் வினாவுடன், சபையின் முன் எது வைக்கப்படுவது என்னும் வினாவும் எழுப்பப்படல் வேண்டும். நீரும் நிலமும் மேய்ச்சற்றரையும் நிகழ்ச்சி நிரலில் ஏறும் வரை, செட்டிபாளையத்து உழைப்பாளி தன் சபைக்கு வாக்களித்துவிட்டு, தன் வாழ்வு தீர்மானிக்கப்படும் இடத்திற்கு வாவியைக் கடந்தே செல்லவேண்டியிருக்கும்.