மந்தம் அன்று, அச்சம்!
செங்கற்பட்டுச் சீமையில் நம் பிள்ளைகளின் மனம் அறியப்பட்ட வரலாறு

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காண்கின்றது. இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, பொருளைத் தேடி நாம் நெடுநேரம் அலைய வேண்டியிருக்கவில்லை. ஆசிரியர் பயிற்சியை முடித்து, முதன்முதலாக வகுப்பறைக்குள் காலடி வைக்கவிருக்கும் நம் சமுதாயத் தம்பியரும் தங்கையரும் கண்முன் நிற்கின்றனர். அவர்கள் கல்வி உளவியல் என்னும் பாடத்தைப் படித்திருப்பர். பிரோபெல், மாண்டிசோரி, பியாஜே, வைகாட்ஸ்கி என்னும் பெயர்களைத் தேர்வுக்காக மனனம் செய்திருப்பர். ஆயின் அந்நூல்கள் கூறும் உண்மைகளுக்கு நம் செங்கற்பட்டு மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு என்பதை அவர்கட்கு எடுத்துரைத்தவர் மிகச் சிலரே. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே ஈண்டு நம் நோக்கம்.

திண்ணையும் மணலும்

பழங்காலத்தில் எழுத்தறிவு திண்ணைப் பள்ளிகளில் பயிற்றப்பட்டது. பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து பழகினர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றின் பொறுப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் வழக்கத்தோடு சேர்ந்து, அது ‘சென்னை முறை’ என்னும் பெயரில் இங்கிலாந்து வரை பரவியது.

நம் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரை நெடுகிலும் மணல் கொட்டிக் கிடக்கின்றது. அதில் எழுதுவதற்கு விரல் இருந்தால் போதும். எனினும், அம்மணலில் எழுதக் கற்பித்த திண்ணை ஊர்த்தெருவில் இருந்தது. நம் பாட்டன்மார் அத்தெருவில் நடக்கவும் இயலாதிருந்தனர். மணல் கடல் கடந்து சென்றது; நம் சேரிக்கு வரவில்லை. நம் பிள்ளைகள் கல்லாதிருந்தமைக்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று, வாயில் அடைக்கப்பட்டிருந்ததே என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஒரு சிறுவனின் தனிமை

வாயில் திறந்த பின்னரும் துன்பம் தீர்ந்துவிடவில்லை. இதற்குச் சான்று நம் மாவட்டத்தின் தவப்புதல்வர் இரட்டைமலை சீனிவாசனாரின் இளமை வாழ்க்கையே ஆகும். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் 1859-ஆம் ஆண்டு சூலை 7-ஆம் நாள் பிறந்த அவர், கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். அப்பள்ளியில் இருந்த ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பார்ப்பனர் என்று 1939-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் அவர் குறிப்பிடுகின்றார்.

தம் சாதியும் இருப்பிடமும் பிறருக்குத் தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்று அச்சிறுவர் அஞ்சினார். ஆதலின் பள்ளிக்கு வெளியே எங்கேனும் இருந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் மற்றவர் தம்மை எட்டிப் பிடிக்காவண்ணம் விரைந்து வீடு சேர்வார். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியவில்லையே என்னும் ஏக்கம் அவர் மனத்தை வாட்டியது.

புதிய ஆசிரியர்களே! குழந்தை உளவியலின் முதற்பாடம் இதில் அடங்கியுள்ளது. ஒரு பிள்ளையின் உடல் வகுப்பில் இருக்கின்றது. அவனுடைய மனமோ வாயிலை நோக்கியே இருக்கின்றது. யார் கேட்பார், என்ன கேட்பார், எப்போது மணி அடிக்கும் என்னும் கவலையிலேயே அவன் ஆற்றலின் பெரும்பகுதி செலவாகிவிடுகின்றது. எஞ்சிய சிறு பகுதியைக் கொண்டே அவன் பாடம் கற்க வேண்டியுள்ளது. அதனைக் கண்ட ஆசிரியர் ‘இவன் மந்தம்’ என்று முடிவு கட்டுகின்றார். சீனிவாசனார் அத்தனை அச்சத்தையும் வென்று, 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி, 1930-இல் அண்ணல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் அமர்ந்தார். அவர் பெருமனிதர், வென்றார். அவ்வாறு வெல்ல இயலாமல் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை ஆயிரவரோ! அவர்களுக்கு வரலாறு எழுதுவார் இல்லை.

ஆணையும் பள்ளியும்

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்கீர், இம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து 1891-இல் அரசுக்கு விரிவான அறிக்கை ஒன்றை அளித்தார். நிலமின்மையும் அடிமை வாழ்வும் கல்வியின்மையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அது எடுத்துக்காட்டியது. பஞ்சமி நிலம் வழங்கும் 1892-ஆம் ஆண்டு ஆணைக்கு அவ்வறிக்கையே வித்தாயிற்று. அடுத்த ஆண்டு, 1893-இல், நம் மக்களின் கல்விக்கெனச் சென்னை அரசு தனி ஆணை பிறப்பித்தது. நம்மவரிலிருந்தே ஆசிரியர்களைப் பயிற்றுவித்தல் வேண்டும் என்னும் நோக்கமும் அவ்வாணைக்கு உண்டு.

இதற்கிடையில் கிறித்தவச் சபையினரும் மாவட்டத்தின் பல பகுதிகளில் சேரிப் பள்ளிகளை நிறுவினர். பின்னர்த் தொழிலாளர் துறையின் கீழும் பள்ளிகள் தோன்றின. பொதுச் சாலை, கிணறு முதலியவற்றில் எல்லார்க்கும் உரிமை உண்டு என்னும் தீர்மானம் சட்டமன்றத்தில் 1924-இல் நிறைவேறியது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு நடக்க வழியும் குடிக்க நீரும் வேண்டும் அன்றோ?

அடையாற்றங்கரையில் ஒரு புதுமை

இவ்வரலாற்றில் நம் நெஞ்சை அள்ளும் பகுதி ஒன்று உண்டு. கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாற்றை அடுத்து, ஊரூர்ப் பகுதியில், நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அந்நாளில் அடையாறு செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. பண்டிதர் அயோத்திதாசரோடு ஆல்காட்டுக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் முதலிய இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பெற்றது.

இப்பள்ளிகளை மேற்பார்த்த பாமர், கோர்ட்ரைட் முதலிய அம்மையார்கள் நம் பிள்ளைகளுக்குக் கிண்டர்கார்டன் முறையில் கற்பித்தனர். செருமனி நாட்டில் பிரோபெல் என்பார் 1837-இல் தொடங்கிய முறை அது. விளையாட்டே குழந்தையின் வேலை, அதன் வழியாகவே அறிவு மலரும் என்பது அவர் கொள்கை. இம்முறையில் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்த பட்டறிவைக் கோர்ட்ரைட் அம்மையார் 1906-இல் ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார்.

சிந்தித்துப் பாருங்கள்! இந்நாட்டின் பெரும்பாலான பள்ளிகளில் பிரம்பும் உருப்போடுதலும் ஆட்சி செலுத்திய காலம் அது. அக்காலத்தில், யாரைத் தீண்டலாகாது என்று ஒதுக்கினரோ, அப்பிள்ளைகளின் ஓலைக் கூரைப் பள்ளியில் உலகின் புதிய குழந்தைக் கல்வி முறை நடைபெற்றது. அன்றே நம் பிள்ளைகளின் மனமும் ஆராய்ந்து போற்றத்தக்க மனம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அம்முதற்பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளியாகச் சென்னை பெசன்ட் நகரில் இன்றும் இயங்கி வருகின்றது. 1939-இல் மாண்டிசோரி அம்மையார் இந்தியாவுக்கு வந்து தம் முதல் ஆசிரியர் பயிற்சியை நடத்தியதும் அதே அடையாற்றில்தான். அவரும் 1907-இல் உரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலேயே தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நம்மவரும் இப்பணியில் பின்தங்கவில்லை. 1883-இல் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா, சட்டமன்றத்திலும் நாடாளும் அவைகளிலும் முழங்கிய தலைவர் என்பதை அனைவரும் அறிவர். அவர் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர், பாடநூல்கள் எழுதியவர், குழந்தைப் பாடல்களின் தொகுப்பான ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்னும் நூலை உருவாக்கியதில் பங்கு கொண்டவர் என்பதை அறிந்தவர் சிலரே. உரிமைக்காகப் போராடிய அதே உள்ளம் மழலையின் தாளத்தையும் கேட்டது.

ஆய்வு கூறும் சான்று

சீனிவாசனார் சிறுவராக இருந்து உணர்ந்ததை இக்கால ஆய்வுகள் அளந்து காட்டுகின்றன. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் ஆய்வாளர் இருவர் உத்தரப் பிரதேச மாநிலத்தில் உயர்சாதி மாணவர் 321 பேரையும், தாழ்த்தப்பட்ட சாதி மாணவர் 321 பேரையும் கொண்டு ஓர் ஆய்வை நடத்தி, 2004-இல் வெளியிட்டனர். தாளில் வரைந்த சிக்கல் வழிப் புதிர்களை விடுவிக்குமாறு சிறுவர்கள் கேட்கப்பட்டனர். சாதி கூறப்படாதபோது இரு சாராரின் திறமையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. ஒவ்வொருவரின் பெயரோடு சாதியையும் எல்லார் முன்னிலையிலும் கூறிய பின்னர், தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை குறைந்தது. புதிரில் மாற்றமில்லை, மூளையிலும் மாற்றமில்லை. இடையில் வந்தது ஒரு சொல்லே.

ஆசிரியரின் எதிர்பார்ப்பும் இத்தகையதே. அமெரிக்காவில் ரோசந்தால், ஜேக்கப்சன் என்போர் 1968-இல் வெளியிட்ட நூலில், ‘இப்பிள்ளைகள் விரைவில் மிளிர்வர்’ என்று ஆசிரியரிடம் பொறுக்கு விதியின்றிச் சில பெயர்களைக் கூற, தொடக்க வகுப்புகளில் அப்பிள்ளைகள் பிறரினும் கூடுதலாக முன்னேறினர் என்று காட்டினர். அதன் அளவைப் பற்றிப் பின்னர் வாதங்கள் எழுந்தன. எனினும், நம்பிக்கையோடு நோக்கும் ஆசிரியர் அப்பிள்ளைக்குக் கூடுதல் நேரம் தருகின்றார், பிழையைப் பொறுக்கின்றார், மறுபடியும் கேட்கின்றார் என்பது நம் வகுப்பறையிலேயே காணத்தக்கது.

நாம் செய்த பிழை

பிறர் குறையை எழுதும் நாம் நம் குறையை மறைத்தல் முறையன்று. ஆசிரியப் பணியில் நாம் சேர்ந்த புதிது. கடலோர ஊர் ஒன்றின் பள்ளி. உதவித்தொகைப் படிவங்களை அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. அவசரத்தில், “ஆதிதிராவிடப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள்” என்று வகுப்பில் உரக்கக் கூறினோம். சிலர் எழுந்தனர். மனக்கணக்கில் வகுப்பிலேயே விரைவான ஒரு சிறுவன் மட்டும் எழவில்லை. உப்பளத்தில் கூலி வேலை செய்பவரின் மகன் அவன். பெயரைச் சொல்லி அழைத்தோம். தலை குனிந்தவாறு எழுந்தான். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மாலையில் அவன் வீட்டிற்குச் சென்றோம். அவன் தாயார், “அந்தப் பணம் அவனுக்கு வேணாமாம் சார்” என்று மட்டும் கூறினார். அவனுடைய சமுதாயமே நம் சமுதாயமும். அவன் பட்டதை நாமும் சிறுவயதில் பட்டிருந்தோம். இருந்தும், நாற்காலியில் அமர்ந்தவுடன் மறந்துவிட்டோம். அவன் மீண்டும் பள்ளிக்கு வந்தான். ஆயினும் கணக்குக்கு விடை கூற அவன் கை உயர்வதற்கு அவ்வாண்டின் இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று முதல் எந்தப் படிவத்தையும் பிள்ளையைத் தனியே அழைத்தே நிரப்பி வருகின்றோம்.

புதிய ஆசிரியர்க்குச் சில சொற்கள்

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை பல. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை பள்ளிக்கு வந்த முதல் வாரங்களில் எழுத்தினும் முதன்மையானது அவன் அச்சம் நீங்குதலே. அவன் வீட்டில் பேசும் மொழியை எள்ளற்க. அம்மொழியிலேயே ஒரு கதை சொல்லச் செய்க. ஏழு முதல் பதினொரு வயது வரை, கையால் தொட்டறிந்த பொருளின் வழியாகவே பிள்ளை சிந்திக்கின்றது என்று பியாஜே கூறுகின்றார். கிளிஞ்சல், சவுக்குக் காய், புளியங்கொட்டை ஆகியவற்றுக்கு விலை இல்லை. எண்ணவும் கூட்டவும் பங்கிடவும் அவை போதும்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் பிள்ளைகளை அமரச் செய்க. பெரிய யானையின் காலடியில் எத்தனை குட்டிகள் உள்ளன? தவம் செய்யும் பூனையின் அருகில் எலிகள் ஏன் நிற்கின்றன? கேள்வியை மட்டும் கேளுங்கள். விடையை அவர்களே கூறட்டும். தனியாகச் செய்ய இயலாததைச் சிறிது உதவியால் பிள்ளை செய்துவிடும். அந்த இடத்திலேயே கற்பித்தல் நிகழ்கின்றது என்று வைகாட்ஸ்கி உணர்த்தினார். கை கொடுக்கவும் வேண்டும். காலம் வந்தபோது கையை எடுக்கவும் வேண்டும்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் மானம் கூர்மை பெறுகின்றது. அவ்வயதினரைப் பிறர் முன்னிலையில் கடிந்துரைத்தல் ஆகாது. அடித்தலையும் மனத்தைப் புண்படுத்துதலையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்துள்ளது. கூட்டுதல், நீர் கொணர்தல் முதலிய பணிகளை எப்பிள்ளைக்கு ஏவுகின்றோம் என்பதிலும் விழிப்பு வேண்டும். இருக்கை வரிசையிலும் உணவு வரிசையிலும் பழைய சேரியும் ஊரும் மீண்டும் தோன்றாவண்ணம் காத்தல் நம் கடமை.

செங்கற்பட்டு 2019-இல் மீண்டும் தனி மாவட்டமாக மலர்ந்துள்ளது. கோழியாளத்தில் பிறந்த சிறுவர் மணி அடிக்கும் வரை வெளியே காத்திருந்தார். இன்று அம்மணியை அடிக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் ஆசிரியராக அமர்கின்றனர். இஃது நம் முன்னோர் ஈட்டிய வெற்றி. தம்பியரே, தங்கையரே! நாளைக் காலை நீங்கள் வகுப்புக்குச் செல்லும்போது, வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்கு முன் வாயிலைச் சற்று நோக்குங்கள். உள்ளே வர அஞ்சி அங்கு ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கக் கூடும். அவனை அன்போடு பெயர் சொல்லி உள்ளே அழையுங்கள். நீங்கள் கற்ற கல்வி உளவியல் அவ்வழைப்பிலிருந்து தொடங்கட்டும்.