சொல்தா மாமாவின் ஆல்பமும் பாரி மாட்ச் பத்திரிகையும்

ஒவ்வொரு ஜூலை 14 அன்றும் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் பிரெஞ்சு போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள். மார்பு நிறைய மெடல் குத்திக்கொண்டு சொல்தாக்கள் வரிசையாக வந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். புதுவைக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குபவரை நாங்கள் சொல்தா என்போம். முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்காக 1938-ல் திறந்து வைத்த சின்னம் அது. ஆனால் என் வயதுக்காரர்களுக்கு, சொல்தா என்றால் இந்தோசீனாவுக்குப் போய் வந்தவர்தான்.

எங்கள் எதிர்வீட்டிலும் ஒரு சொல்தா இருந்தார். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். உறவு ஒன்றும் கிடையாது. கறுப்பு அட்டைப் பக்கங்களும் நடுவில் மெல்லிய வெள்ளைத் தாளும் வைத்த ஒரு ஆல்பம் அவரிடம் இருந்தது. ஓரம் ரம்பப்பல் போல வெட்டிய சின்னச் சின்னப் படங்கள். சைகோனில் ஸ்டுடியோவில் எடுத்தது ஒன்று, பின்னால் திரைச்சீலையில் வரைந்த ஏரி. மாரியம்மன் கோயில் வாசலில் நாலு பேர். (சைகோனில் நம் ஊர்க்காரர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றைக்கும் இருக்கிறது. வியட்நாம் மக்களே கும்பிடுகிறார்கள்.) ஆற்றில் துணி துவைப்பது, ஒருவர் தலையை இன்னொருவர் மொட்டை அடிப்பது, ஒரு நாய்க்குட்டி, பெரிய தவலையில் சோறு, லாரி முன்னால் ஏழு பேர். கட்டிலில் பைஜாமா போட்டு உட்கார்ந்து சிகரெட்டும் சிரிப்புமாக மாமா.

எனக்கு அப்போது பதின்மூன்று, பதினாலு வயது இருக்கும். பிரெஞ்சு வழியில் படித்தவன், அந்தத் திமிரும் இருந்தது. பள்ளி நூலகத்தில் பழைய பாரி மாட்ச் பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். 1954-ம் வருஷத்து இதழ்களில் தியென் பியென் ஃபூ பார்த்திருந்தேன். சேறு, புகை, பாராசூட், கட்டுப்போட்ட தலைகள். யுத்தம் என்றால் அதுதான் என்பது என் முடிவு. ஒரு நாள் சாயங்காலம் திண்ணையில் அவர் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கும்போதே கேட்டுவிட்டேன்:

“என்ன மாமா, இதுல சண்டையே இல்லையே. பிக்னிக் போன மாதிரி இருக்கு. இந்தக் கட்டில் படம் அதைவிட ஜோர்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆல்பத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “சாப்பிட்டியா தம்பி?” என்றார். அதற்குப் பிறகு அவர் அதை எனக்குக் காட்டியதே இல்லை.

பாரி மாட்ச் படங்கள் எப்படி வந்தன என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. இந்தோசீனாவில் பிரெஞ்சு ராணுவத்துக்கென்று ஒரு பத்திரிகைத் தகவல் பிரிவு இருந்தது. 1951-ல் ஜெனரல் தெ லாத்ர் அங்கே தளபதியாக இருந்தபோது அதற்குப் புது உயிர் கொடுத்தார். விளம்பரத்தின் அருமை தெரிந்த மனிதர். போர்முனைப் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தது இந்தப் பிரிவின் ஆட்கள், அதாவது சீருடை போட்ட, சம்பளம் வாங்கிய சிப்பாய்கள். ராணுவம் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்ததுதான் பத்திரிகைக்குப் போகும். தியென் பியென் ஃபூ முற்றுகையில் உள்ளே இருந்தவர்களும் இவர்கள்தான். ழான் பெரோ, தானியேல் கமு என்று இரண்டு புகைப்படக்காரர்கள், சினிமாக் கேமராவோடு பியேர் ஷோண்டர்ஃபெர். மூன்று பேரும் இளைஞர்கள். சண்டை ஆரம்பித்த பிறகு பாராசூட்டில் உள்ளே குதித்தவர் ஷோண்டர்ஃபெர்.

1954 மார்ச் 13 அன்று தாக்குதல் ஆரம்பம். அந்த மாதம் 28-ம் தேதிக்குப் பிறகு விமானம் அங்கே இறங்கி ஏற முடியவில்லை. காயம்பட்டவர்களே வெளியே வர முடியாதபோது ஃபிலிம் எப்படி வரும்? கோட்டை விழுந்தது மே 7. கடைசி நாற்பது நாளில், படுமோசமான நாட்களில், வெளியே வந்த படம் அநேகமாக இல்லை. பத்திரிகைகள் முன்னால் வந்த படங்களை வைத்துத்தான் ஓட்டின. தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும் ஷோண்டர்ஃபெர் தன் ஃபிலிம்களை அழித்தார். கொஞ்சம் உடம்போடு வைத்திருந்தது எதிரி கையில் போயிற்று. மூவரும் கைதானார்கள். வழியில் தப்பிக்கப் பார்த்ததில் பெரோ காணாமல் போனார், கடைசிவரை தகவல் இல்லை. ஷோண்டர்ஃபெர் பிழைத்து வந்து சினிமா எடுத்தார். அமெரிக்கர்களின் வியட்நாம் போர் பற்றிய அவருடைய ‘அன்டர்சன் படைப்பிரிவு’ ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது.

எதிர்த்தரப்புப் படம் மட்டும் யோக்கியமா? தியென் பியென் ஃபூ என்றாலே நினைவுக்கு வரும் காட்சி, பிரெஞ்சுத் தளபதியின் பதுங்குகுழி மேல் ஏறி ஒரு வியட்மின் வீரர் கொடியை ஆட்டுவது. அது சண்டை முடிந்த பிறகு ரோமான் கார்மென் என்ற சோவியத் சினிமாக்காரருக்காக மறுபடி நடத்திக் காட்டியது. நீண்ட வரிசையில் கைதிகள் நடந்து போகும் காட்சியும் கேமராவுக்காக நடக்க வைத்ததுதான். அந்தக் கைதிகளின் நிலைமை மட்டும் நடிப்பு இல்லை. பிடிபட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். திரும்பி வந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம்.

பொய் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது, ஆனால் பொறுக்கி எடுத்தது. நர்ஸ் ழெனெவியேவ் தெ கலார் பெயர் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட ஒரே பெண் என்று பத்திரிகைகள் எழுதி, தேவதை ஆக்கி, நியூயார்க்கில் ஊர்வலம் வரை போயிற்று. துணிச்சலான பெண்மணி, சந்தேகமில்லை. ஆனால் ராணுவம் சிப்பாய்களுக்காகக் கூட்டிப்போயிருந்த அல்ஜீரிய, வியட்நாமியப் பெண்களும் அதே குழிகளில் இருந்தார்கள். அவர்களும் காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். அவர்களை யாரும் அட்டையில் போடவில்லை. மொராக்கோ, அல்ஜீரியா, செனகல் பக்கத்து ஆட்கள், தாய் இனத்தவர், வியட்நாமியப் பாராசூட் வீரர்கள், எல்லா நாட்டுக்காரரும் சேர்ந்த அந்நிய லெஜியன் என்று பல ஜாதி சனமும் சேர்ந்த படை அது. பாரி மாட்ச் பார்த்தால் பிரான்சின் பையன்கள் மட்டுமே சண்டை போட்டது போல இருக்கும். நான் புரட்டிய அத்தனை இதழ்களிலும் எங்கள் தெரு சொல்தா போல ஒரு முகம் பார்த்த ஞாபகம் இல்லை. அதுதான் மாமாவை நான் நம்பாமல் போனதற்கு ஒரு காரணமோ என்று இப்போது தோன்றுகிறது.

சிப்பாய் எடுத்த படத்துக்கும் பத்திரிகைக்கும் உள்ள இந்த இழுபறி பழையது. 1912-ல் கோடாக் கம்பெனி சட்டைப்பையில் அடங்கும் வெஸ்ட் பாக்கெட் கேமராவைக் கொண்டுவந்தது. 1914-ல் யுத்தம் வந்ததும் சிப்பாயின் கோடாக் என்றே விளம்பரம் செய்தார்கள். தகுந்த படத்துக்கு என்ன விலையும் தருவோம் என்று பாரீஸில் ல மிருவார் வாரப்பத்திரிகை அறிவித்தது. 1915-ல் மிகச் சிறந்த யுத்தப் படத்துக்கு 30,000 பிராங்க் பரிசுப் போட்டியே வைத்தது. ஆங்கிலேயர்கள் சிப்பாய் கேமரா வைத்திருப்பதையே தடை செய்தார்கள். 1914 கிறிஸ்துமஸ் அன்று இரு தரப்பும் சேர்ந்து நின்று கைகுலுக்கிய படங்கள் லண்டன் பத்திரிகைகளில் வந்திருந்தன. எதிரியோடு சிகரெட் பிடிக்கும் படம் எந்தத் தளபதிக்குப் பிடிக்கும்? பிரெஞ்சு ராணுவம் 1915-ல் தன் சொந்தப் புகைப்படப் பிரிவைத் தொடங்கியது. இந்தோசீனாவில் பார்த்ததெல்லாம் அந்தக் குடும்பத்து வாரிசுதான்.

சிப்பாய் ஏன் சண்டையைப் படம் எடுப்பதில்லை? சுடும்போது கை இரண்டும் துப்பாக்கியில் இருக்கும். ஃபிலிம் விலை அதிகம். படம் போய்ச் சேருவது தாய்க்கும் பெண்டாட்டிக்கும். “நன்றாகச் சாப்பிடுகிறேன், உடம்பு தேறியிருக்கிறது” என்று எழுதும் கடிதத்தோடு பிணத்தின் படத்தையா வைப்பான்? ஸ்டுடியோவுக்குப் போய்க் கிராப்பு சீவி எடுத்துக்கொண்ட படம் அந்தக் கடிதத்தின் தொடர்ச்சிதான். அதனால் அந்தப் படங்களை உண்மை, பத்திரிகைப் படங்களைப் புளுகு என்று பிரிப்பதும் சரிப்படாது. மாமாவின் ஆல்பத்தில் வியட்நாம் கிராமத்து ஆட்கள் யார்? சந்தையில் வாழைப்பழம் விற்கும் ஒரு கிழவி, இரண்டு குழந்தைகள். அவ்வளவுதான். அந்த ஊர்களுக்கு என்ன நேர்ந்தது என்று அந்த ஆல்பம் சொல்லாது. நேர்மாறாகவும் நடக்கும். 2004-ல் இராக்கில் அபு கிரைப் சிறையில் நடந்ததை உலகத்துக்குக் காட்டியது, அமெரிக்கச் சிப்பாய்களே வேடிக்கைக்காக எடுத்து வைத்திருந்த டிஜிட்டல் படங்கள்தான்.

இந்தோசீனாவில் உயிர் விட்ட ராபர்ட் காப்பாவைச் சொல்லாமல் விட முடியவில்லை. யுத்தப் புகைப்படக்காரர் என்றால் அவர்தான். 1954 மே 25 அன்று தாய் பின் அருகே கண்ணிவெடியில் கால் வைத்தார். கடைசிச் சுருளில் என்ன இருந்தது? புல்வெளியில் முதுகைக் காட்டி நடந்து போகும் சிப்பாய்கள். மாமா ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் அதையும் பிக்னிக் என்றிருப்பேன்.

மாமா 1990-களில் காலமானார். நான் அப்போது சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலத்தில் சொல்தா வீட்டுக்காரர்களுக்குப் பிரெஞ்சுப் படிவம் பூர்த்தி செய்து கொடுப்பேன். உயிரோடு இருப்பதற்கான சான்று, விதவைப் பென்ஷன் மனு, இப்படி. காசு வாங்கியதில்லை, முறுக்கு வாங்கியிருக்கிறேன். அத்தையும் பென்ஷன் காகிதத்தோடு வந்தார்கள். எந்தத் தேதியில் எந்த ஊரில் இருந்தார் என்று பார்க்க ஆல்பத்தையும் பையில் கொண்டுவந்திருந்தார்கள்.

முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்த லாரிப் படத்தைப் பார்க்கிறேன். ஏழு பேரில் மூன்று பேர் தலைக்கு மேல் பேனாவால் சின்னக் கூட்டல் குறி. சின்ன வயதில் அதைக் கவனித்தேனா, ஞாபகம் இல்லை. பின்னால் தமிழில் எழுதியிருந்தது: லாங்சோன், 1949.

“அந்தக் குறி போட்டவங்க எல்லாம் திரும்பி வரல தம்பி” என்றார்கள் அத்தை.

மாமா ஓட்டியது ஜி.எம்.சி. லாரி. லாங்சோனிலிருந்து காவ் பாங் போகும் நாலாம் நம்பர் காலனி ரோடு. சீன எல்லையை ஒட்டி மலையும் காடுமாக வளைந்து போகும். இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை. முதல் லாரியையும் கடைசி லாரியையும் அடித்து நிறுத்தினால் நடுவில் உள்ளதெல்லாம் பொறிக்குள் எலி. 1947 முதல் அந்த ரோட்டில் லாரி வரிசைகளை வியட்மின் மறுபடி மறுபடி தாக்கினார்கள். 1950 அக்டோபரில் காவ் பாங்கைக் காலி செய்துவிட்டு வரும்போது அந்த வழியில்தான் பிரெஞ்சுப் படை ஆயிரக்கணக்கில் ஆட்களை இழந்தது. லாரி ஓட்டுவது என்றால் சண்டையிலிருந்து ஒதுங்கிய வேலை என்று நினைத்திருந்தேன்.

“இந்தக் கட்டில் படம்?” என்று கேட்டேன்.

“மலேரியா காய்ச்சல், ஆனாய் ஆஸ்பத்திரி. அவர் லாரியை அந்த வாரம் வேற ஒருத்தர் எடுத்துட்டுப் போனாராம். இதோ, இடது கோடியில நிக்கிறாரே, காரைக்கால்காரர். படம் எடுக்கிறப்ப இவருக்குத் தெரியாது. மறுநாள்தான் சேதி வந்துச்சாம். அந்தப் படத்தைக் கிழிச்சுடுங்கன்னு நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். மாட்டேன்னுட்டார்.”

திண்ணையில் நான் சொன்னது அத்தைக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. படிவத்தில் தேதியை எழுதினேன், பேனா இரண்டு தடவை நின்றது.

இன்னும் ஒன்று. ஆல்பத்தின் பின்பகுதியில் ஒரு பக்கத்தில் மூலை ஒட்டும் காகிதங்கள் நாலும் இருக்கின்றன, படம் இல்லை. அது என்ன படம், யார் எடுத்தது என்று அத்தைக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான் இருந்ததாம்.

அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆல்பம் இப்போது பாரீஸ் பக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்பதால், படங்களின் பின்னால் மாமா எழுதியிருந்ததை எல்லாம் போன வருஷம் போனில் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். அறுபத்துநாலு படம். காரைக்கால்காரர் பெயர் மட்டும் எழுத்து அழிந்து பாதிதான் தெரிகிறது.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஆல்பம் இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டுப் பின்னால் எழுதிவையுங்கள். பென்சிலில் எழுதுங்கள். பால்பாயிண்ட் முன்பக்கம் தெரியும்.