புள்ளலூர் 1780: படையைப் பிரித்ததால் வந்த தோல்வி

கம்ப்யூட்டரில் போர் விளையாட்டு ஆடுபவர்களுக்கு ஒரு பாடம் சீக்கிரமே புரிந்துவிடும். படையை இரண்டாகப் பிரித்துத் தூரத்தூர நிறுத்தினால் எதிரி ஒவ்வொன்றாக அடிப்பான். டிராகன், மந்திரவாதி என்று யார் இருந்தாலும் தப்ப முடியாது! இந்தப் பாடத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி நிஜமாகவே கற்றுக்கொண்டது நம்ம கனகம்மாசத்திரத்துக்குத் தெற்கே உள்ள ஊர்களில்தான்.

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும்படையோடு ஆற்காட்டு நவாபின் நாட்டுக்குள் இறங்கினார். கம்பெனியின் தளபதி ஹெக்டர் மன்ரோ மெட்ராஸில் இருந்தார். கர்னல் பெய்லி குண்டூரிலிருந்து இன்னொரு படையோடு வந்துகொண்டிருந்தார். இருவரும் மெட்ராஸிலேயே சேர்ந்திருக்கலாம். ஆனால் மன்ரோ குறித்த இடம் காஞ்சிபுரம். ஹைதரின் குதிரைப்படை சுற்றித் திரிந்த பகுதி அது!

ஆகஸ்ட் 25 அன்று பெய்லி கொசஸ்தலை ஆற்றை அடைந்தார். அன்றே கடந்திருக்கலாம். வடகரையில் கூடாரம் போட்டார். மழை பெய்து ஆறு பெருகிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே முடங்கினார்.

ஆற்றைக் கடந்து வந்தவரை செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கம் அருகே திப்பு மறித்தார். திப்புவால் பெய்லியை உடைக்க முடியவில்லை, பெய்லியால் முன்னேற முடியவில்லை. இருவருமே கூடுதல் படை கேட்டு ஆள் அனுப்பினார்கள். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் இருந்த உணவுக் கிடங்கை விட்டு நகர மன்ரோவுக்கு மனமில்லை. பிளெட்சர் தலைமையில் சுமார் 1000 பேரை மட்டும் அனுப்பினார். ஹைதரோ மன்ரோவுக்குத் தெரியாமல் இரவோடு இரவாகத் தன் முக்கியப் படையையே நகர்த்திவிட்டார்.

செப்டம்பர் 9 இரவு புறப்பட்ட பெய்லி பாதி வழியில் நின்றுவிட்டார். பிளெட்சருக்கு அதில் விருப்பமில்லை. விடிந்ததும் புள்ளலூரில் பீரங்கிகளும் மைசூர் ராக்கெட்டுகளும் காத்திருந்தன. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சதுரமாக அணிவகுத்துக் கடைசிவரை போராடியும் பயனில்லை. பெய்லி கைதாகி ஸ்ரீரங்கப்பட்டணம் சிறையில் 1782-ல் இறந்தார். பக்சார் போரில் (1764) வென்ற அதே மன்ரோ, பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். இந்தப் போரின் ஓவியத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இன்றும் பார்க்கலாம்.

ஆக, புள்ளலூரில் அணிவகுப்பு தோற்கவில்லை. எங்கே சேர்வது, எந்தக் கரையில் தங்குவது, எத்தனை பேரை அனுப்புவது என்ற மூன்று முடிவுகள்தான் தோற்றன.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது நண்பர்களே. பெய்லியின் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். தளபதிகளின் பெயர்கள் வரலாற்றில் நின்றுவிட்டன. அந்தச் சிப்பாய்களின் பெயர்களைத் தேடினால் கிடைப்பது அரிது. விளையாட்டில் தோற்றால் மறுபடி தொடங்கலாம், விழுந்த வீரர்கள் எழுந்து வந்துவிடுவார்கள். புள்ளலூரில் அது நடக்கவில்லை.