நிரல் உருவாக்கி (வாகன மென்பொருள்)

நிரல் உருவாக்கி என்பது அட்டவணையாகவோ வரைபடமாகவோ தரப்படும் விவரத்தைப் படித்து, அதற்கேற்ற நிரலைத் தானே எழுதித் தரும் மென்கருவி. வன்பொருளை நேரடியாக இயக்கும் மென்பொருளில், பெயரும் எண்ணும் மட்டும் மாறி மற்றபடி ஒன்றுபோலவே இருக்கும் வரிகள் ஆயிரக்கணக்கில் வரும். அவற்றைக் கையால் எழுதுவது அலுப்பான வேலை. அலுப்பான இடத்தில்தான் பிழையும் நுழைகிறது.

சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியின் வண்டிகளில் இதற்குப் பயன் அதிகம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் சான்ட்ரோவைக் கொண்டுவந்தது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-லும், பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டெய்ம்லர் ஆலை 2012-லும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-லும் தொடங்கின. இன்றைய வண்டியில் எஞ்சின், பிரேக், மீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இசியூ, அதாவது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, இருக்கிறது. அவற்றின் மென்பொருள் பெரும்பாலும் ஆலைக்குள் எழுதப்படுவதில்லை. பாகம் தரும் நிறுவனங்களிலும் பொறியியல் மையங்களிலும் உருவாகி வருகிறது. அசெம்பிளி லைனின் கடைசியில் அதை ஏற்றிச் சரிபார்ப்பது ஆலையின் பங்கு.

இசியூக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது கேன் என்னும் இரட்டைக் கம்பித் தொடர்பில். இதை பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்தியது. 1993-இல் ஐஎஸ்ஓ 11898 தரமாயிற்று. பழைய வகை கேனில் ஒரு செய்திக்கு 8 பைட்தான் இடம். அந்த இடத்துக்குள் எந்த பிட்டில் எந்த அளவு தொடங்குகிறது, எத்தனையால் பெருக்க வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்பதையெல்லாம் அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே மாதிரி அறிந்திருக்க வேண்டும்.

கனரக வண்டிகளுக்கான ஜே1939 தரத்தில் எஞ்சின் வேகம் இரண்டு பைட்டில் வருகிறது. அதில் ஓர் அலகு 0.125 ஆர்பிஎம்முக்குச் சமம். எஞ்சின் 1500 ஆர்பிஎம்மில் ஓடினால் கம்பியில் போகும் எண் 12000. எண்ணின் கீழ்மதிப்பு பைட் முதலில் வரும் என்பதால் அது 224, 46 என்று பிரிந்து செல்லும். வரிசையை மாற்றி 46, 224 என்று யாராவது எழுதிவிட்டால் மீட்டர் 7173.75 ஆர்பிஎம் காட்டும். எந்த லாரி டீசல் எஞ்சினும் அந்த வேகத்தைத் தொடாது. குளிர்நீர் வெப்பநிலைக்கு ஒரே பைட், அதிலிருந்து 40-ஐக் கழிக்க வேண்டும். 255 வந்தால் ‘தகவல் இல்லை’ என்று பொருள். அந்தச் சோதனையை எழுத மறந்தால், சென்சாரிலிருந்து அளவே வராத வண்டியில் 215 டிகிரி என்று எச்சரிக்கை விளக்கு எரியும்.

ஒரு வண்டியில் இத்தகைய அளவுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆகவே அவற்றை டிபிசி என்னும் அட்டவணைக் கோப்பில் எழுதிவைக்கிறார்கள். உருவாக்கி அதைப் படித்து, பிட்டுகளை அடுக்கவும் பிரிக்கவும் எல்லையைச் சோதிக்கவும் வேண்டிய சி நிரலைத் தருகிறது. கேன்டூல்ஸ் என்ற திறமூலக் கருவியை யாரும் இலவசமாக இறக்கி இதைச் செய்து பார்க்கலாம். பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளில், பிஎஸ்-4-இலிருந்து 5-ஐத் தாண்டி 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 கட்டாயமானபோது, டீசல் வண்டிகளில் புகை வடிகட்டியின் அழுத்தம், நைட்ரஜன் ஆக்சைடு என்று புதிய அளவுகள் பெருகின. அட்டவணை வைத்திருந்தவர்களுக்கு, அவற்றைக் கம்பியில் ஏற்றி இறக்கும் நிரலைப் பொறுத்தவரை, இது வரிகள் சேர்க்கும் வேலை.

இதையே பெரிய அளவில் செய்வது ஆட்டோசார். 2003-இல் பிஎம்டபிள்யூ, பாஷ், டெய்ம்லர்கிரைஸ்லர், ஃபோக்ஸ்வாகன் முதலியவை சேர்ந்து தொடங்கிய தரம் இது. நிரலர் ‘வேகத்தைக் கொடு’ என்று மட்டும் கேட்கிறார். அந்த வேகம் அதே பெட்டியிலிருந்து வருகிறதா, கேன் வழியாக வருகிறதா என்பதைப் பார்த்து இடையிலுள்ள அடுக்கை உருவாக்கியே எழுதுகிறது. கட்டுப்பாட்டு விதிகளுக்கோ சிமுலிங்க் என்னும் வரைபடக் கருவியில் வரைந்த படத்திலிருந்தே சி நிரல் எடுப்பவர்கள் உண்டு. இந்த எண்ணம் வாகனத்துறையில் பிறந்ததும் அல்ல. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1970-களிலேயே, இலக்கண விதிகளைக் கொடுத்தால் அவற்றின்படி உரையைப் பகுத்தாயும் நிரலைத் தரும் யாக் கருவியை எழுதிவிட்டார்.

குறைகளும் உண்டு. உருவான நிரல் பருமனானது, படிக்கக் கரடுமுரடானது. வாகன மென்பொருளுக்கு நிரல் எழுதும் விதிகளை வகுக்கும் மிஸ்ரா அமைப்பு அதற்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட வேண்டியிருந்தது. அவசரத்தில் உருவான கோப்பையே கையால் திருத்துவது இத்தொழிலில் பழைய வியாதி. அடுத்த முறை கருவியை ஓட்டியதும் அந்தத் திருத்தம் சுவடில்லாமல் போய்விடும்.

இவற்றைவிட ஆபத்தானது அட்டவணையிலேயே இருக்கும் பிழை. 0.125-க்குப் பதில் 0.25 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அனுப்பும் பெட்டி 1500-ஐ 6000 ஆக்கும். அதே அட்டவணையிலிருந்து பிறந்த பெறும் பெட்டி அதை மீண்டும் 1500 ஆக்கும். சோதனை மேசையில் எல்லாம் சரியாகவே தெரியும். தரத்தைப் பின்பற்றும் மூன்றாவது நிறுவனத்தின் கருவியை மாட்டினால்தான் 750 என்று காட்டும். கையால் இருவர் தனித்தனியே எழுதியிருந்தால் இந்த முரண்பாடு முதல் நாளே வெளிப்பட்டிருக்கக்கூடும். அதற்காகக் கையால் எழுதும் நிரலுக்குத் திரும்ப வேண்டியதில்லை. நிரலுக்குச் செய்யும் அதே மறுபார்வையை அட்டவணைக்கும் செய்தால் போதும்.

வாகனப் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 26262 (2011, திருத்தம் 2018) கருவியையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உருவாக்கி செய்யும் பிழை பாதுகாப்பைப் பாதிக்கக்கூடியது, பின்வரும் சோதனைகளில் சிக்காமல் போகவும் கூடும் என்றால், அந்த உருவாக்கியே தகுதி நிரூபித்த பிறகுதான் பயன்படுத்தப்பட வேண்டும்.