அயல்நாடுகளில் பிலிப்பைன்ஸ் சமையல்

பிலிப்பைன்ஸ் சமையல் என்பது தென்கிழக்கு ஆசியாவில் 7,641 தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டின் உணவு மரபு. தீவுகளின் பழைய சமையலோடு சீன வணிகர்களும், 1565 முதல் 1898 வரை ஆண்ட ஸ்பானியர்களும், அவர்களுக்குப் பின் 1946 வரை (இடையில் ஜப்பானியர் பிடித்திருந்த ஆண்டுகள் நீங்கலாக) ஆண்ட அமெரிக்கர்களும் கொண்டுவந்தவை கலந்து உருவானது. பிலிப்பினோக்கள் எனப்படும் இந்த நாட்டவர் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் நாற்பது லட்சத்துக்கு மேல். அங்குள்ள ஆசிய வம்சாவளியினரில் சீனர், இந்தியருக்கு அடுத்த நிலையில் இருப்பவர்கள் அவர்களே. ஆனால் பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவிலுள்ள ஆசிய உணவகங்களில் 71 விழுக்காடு சீன, ஜப்பானிய, தாய்லாந்து உணவு விற்பவை. பிலிப்பைன்ஸ் உணவு விற்பவை 1 விழுக்காடுதான்.

இவ்வளவு பேர் இருந்தும் இவ்வளவு குறைவான கடைகள் ஏன் என்ற கேள்விக்கு முதலில் சொல்லப்படும் பதில் சுவையைப் பற்றியதாக இருக்கும். அந்தப் பதிலில் சாரம் குறைவு. போன இடத்தில் அந்த மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்குகிறது.

சுவையும் தோற்றமும்

புளிப்புதான் இந்தச் சமையலின் ஆதார சுவை. வெப்ப நாட்டில் இறைச்சியும் மீனும் கெடாமலிருக்க வினிகரில் போட்டு வைப்பது ஸ்பானியர் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம். கரும்புச்சாறு, தென்னங்கள், நீப்பா பனையின் கள் என்று ஊருக்கொரு வினிகர் உண்டு. கோழியையோ பன்றி இறைச்சியையோ வினிகர், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, சோயா சாஸ் சேர்த்து வேகவிடுவது அடோபோ. பெயர் ஸ்பானியர் இட்டது, சோயா சாஸ் சீனர் தந்தது, முறை உள்ளூர்க்காரர்களுடையது. சினிகாங் என்ற புளிக்குழம்பில் பெரும்பாலும் புளியங்காய் சேரும். அது இல்லாத இடத்தில் பிலிம்பிக்காய், மாங்காய் அல்லது கொய்யா. பன்சித் நூடுல்ஸும் லும்பியா சுருளும் ஃபூஜியன் சீனர்கள் வழி வந்தவை. தீயில் சுழற்றி வாட்டிய முழுப்பன்றி லெச்சோன். மாட்டுவாலை நிலக்கடலைக் குழம்பில் வேகவைப்பது காரே-காரே.

காரே-காரேயின் பிறப்பைப் பற்றி ஒரு செவிவழிச் செய்தி உண்டு. 1762இல் மதராஸிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்து 1764 வரை வைத்திருந்தது. அதில் சென்ற இந்தியச் சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே கைன்டா என்ற ஊரில் குடும்பம் நடத்தித் தங்கிவிட்டார்கள். நம்மூர்ச் சாமான் கிடைக்காத இடத்தில் அவர்கள் வைக்க முயன்ற கறியே பின்னாளில் இப்படி ஆனது என்பார்கள். சிப்பாய்கள் கைன்டாவில் தங்கியது வரலாறு. கறியைப் பற்றிய பகுதிக்குச் சான்று கிடையாது. அதன் பிறப்பைப் பம்பாங்கா மாகாணத்தில் தேடுவோரும் உண்டு.

வெளியாட்கள் இந்த உணவின் மேல் அடுக்கும் குறைகள் பழகியவை: எல்லாமே பழுப்பு நிறம், எண்ணெய் அதிகம், குடலும் ரத்தமும் சேர்கின்றன, ஆசிய உணவா ஐரோப்பிய உணவா என்று பிடிபடவில்லை. இவற்றில் எதுவும் நிற்காது. எத்தியோப்பியக் குழம்புகளும் வட இந்திய உணவகக் குழம்புகளும் பழுப்பாக இருந்துகொண்டே உலகம் சுற்றின. மெக்சிகோவின் குடல் சூப்புக்கு அமெரிக்காவில் வரிசை நிற்கிறது. கலப்புச் சமையல் என்பதும் குறையல்ல. வியட்நாமியர் பிரெஞ்சு ரொட்டிக்குள் தங்கள் காய்கறியையும் இறைச்சியையும் வைத்து விற்ற பான் மீ உலகப் பெயர் பெற்றது.

பலூட் விஷயம் வேறு. கருவளர்ந்த வாத்து முட்டையை அவித்து, ஓட்டில் துளையிட்டு, முதலில் சாற்றை உறிஞ்சி, பிறகு உப்போ வினிகரோ தொட்டுத் தின்பது பலூட். மணிலாவை ஒட்டிய படேரோஸ் ஊர் இதற்குப் பேர்போனது. அங்கே இது மாலை நேரத் தெருத் தீனி. ‘ஃபியர் ஃபேக்டர்’ போன்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டிகள் இதை விழுங்கிக் காட்டச் சொல்லும் சோதனையாக்கின. அடோபோவைக் கேள்விப்பட்டிராத பல அமெரிக்கர்களுக்குப் பிலிப்பைன்ஸ் உணவு அறிமுகமானது இந்த வழியில்தான்.

உணவகத்துக்கு ஒத்துவராத பந்தி

சுவையைவிடச் சிக்கலானது பரிமாறும் முறை. பிலிப்பைன்ஸ் பந்தியில் சமைப்பவர் வேலையை முழுதாக முடிப்பதில்லை. சோறு, ஒன்றிரண்டு பதார்த்தம், கூடவே சிறு கிண்ணங்களில் தொட்டுக்கொள்ளும் சாறுகள்: வினிகரில் நசுக்கிய மிளகாயும் பூண்டும், மீன் சாஸ், கலமான்சி என்ற சிறு எலுமிச்சை, உப்பில் நொதித்த இறால் விழுது. இவற்றுக்கு சவ்சவான் என்று பெயர். உப்பும் புளிப்பும் எவ்வளவு என்பதைச் சாப்பிடுபவரே தட்டில் முடித்துக்கொள்கிறார். காரே-காரேயில் உப்பு குறைவாகவே போடுவார்கள். ஒவ்வொரு கவளத்துக்கும் இறால் விழுது தொட்டுக்கொண்டால்தான் அது முழுமையாகும். இது தெரியாத ஒருவர் வெறும் கடலைக் குழம்பாக அதைத் தின்றுவிட்டு, சப்பென்று இருந்ததாக ஊரெல்லாம் சொல்வார். சமையல்காரர் தட்டிலேயே முடித்து அனுப்புவதை எதிர்பார்க்கும் மேற்கத்திய உணவகத்தில் இந்த முறையைப் புரியவைக்க ஒரு பரிசாரகர் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இவற்றில் பல மறுநாள் இன்னும் ருசிக்கும் பண்டங்கள். ஆகவே வெளிநாட்டிலும் முதலில் எழுந்த கடைகள் துரோ-துரோ வகையைச் சேர்ந்தவை: கண்ணாடிக்குப் பின்னால் சூடேற்றிய தட்டுகளில் ஏழெட்டு குழம்பு இருக்கும், வேண்டியதை விரலால் காட்டினால் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். பெயர்ப்பலகை கிடையாது, எது என்ன என்று யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் வருபவர் எல்லாருக்கும் தெரியும். சொந்த நாட்டவருக்கு இது வசதி, புதியவருக்கு வாசலிலேயே தயக்கம். விலையும் ஏற்ற முடியாது. அம்மா இதைவிட நன்றாகச் செய்வாள் என்பவரிடம் எவ்வளவு கேட்பது?

கடை போடத் தேவைப்படாத குடியேற்றம்

அமெரிக்காவில் சீன உணவகங்கள் பெருகியதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1882இன் சீனர் விலக்குச் சட்டம் தொழிலாளிகளைத் தடுத்தது, வணிகர்களை விட்டுவைத்தது. உணவக உரிமையாளரும் வணிகரே என்று 1915இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும் உணவகம் தொடங்குவது குடிநுழைவுக்கு ஒரு வழியாயிற்று. 1975க்குப் பின் அகதிகளாக வந்த வியட்நாமியருக்கு ஆங்கிலமும் இல்லை, அங்கே செல்லுபடியாகும் படிப்புச் சான்றும் இல்லை; குடும்பமே உழைக்கும் சிறு உணவகம் அவர்களில் பலருக்குக் கைகொடுத்தது.

பிலிப்பினோக்களின் கதை இதற்கு நேர்மாறு. நாடு அமெரிக்காவின் காலனியாக இருந்ததால் பள்ளிப்படிப்பு ஆங்கிலத்தில் நடந்தது. செவிலியர் கல்லூரிகள் அமெரிக்கப் பாடத்திட்டத்தில் இயங்கின. 1948இல் தொடங்கிய பரிமாற்றப் பயிற்சித் திட்டமும் 1965இன் குடியேற்றச் சட்டமும் கதவைத் திறந்தபோது செவிலியர், மருத்துவர், கணக்காளர் என்று நேராக மாதச் சம்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1974இல் அன்றைய அதிபர் மார்கோஸின் அரசு கொண்டுவந்த தொழிலாளர் சட்டம் ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதை அரசுக் கொள்கையாகவே ஆக்கியது. வளைகுடா, ஹாங்காங், சிங்கப்பூர், சரக்குக் கப்பல்கள் என ஒப்பந்தத்தில் போனவர்கள் சம்பளத்தை ஊருக்கு அனுப்பினார்களே தவிர, போன இடத்தில் முதல் போட்டுக் கடை திறக்கும் நிலையில் இல்லை. வீட்டுப் பணிப்பெண் விசாவில் இருப்பவர் உணவகம் நடத்தவும் முடியாது. இரவுப் பணி முடிந்து வரும் செவிலியருக்கு உணவகத் தொழிலின் பதினான்கு மணி நேர உழைப்பில் இறங்கக் காரணமும் இல்லை. பிள்ளைகளையும் அதே மருத்துவமனை வேலைக்குத்தான் படிக்கவைத்தார்.

முன்னோடிகள் இல்லாமல் போகவில்லை. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் ‘லிட்டில் மணிலா’ என்றழைக்கப்பட்ட வட்டாரத்தில் 1930களிலேயே பண்ணைக் கூலிகளுக்கான பிலிப்பினோ சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. அவை நாட்டவருக்கு மட்டுமே சோறு போட்டன. அந்த வட்டாரத்தின் பெரும்பகுதியைப் பிற்காலத்து நெடுஞ்சாலையும் நகரச் சீரமைப்பும் விழுங்கிவிட்டன.

பிறர் அடுப்பில்

பிலிப்பினோக்கள் அயல்நாட்டில் சமைக்கவில்லை என்று நினைத்தால் தவறு. சமைத்தார்கள், பிறருக்கு வேண்டியதை. அமெரிக்கக் கடற்படை இவர்களைச் சேர்த்துக்கொண்டபோது, 1970களின் தொடக்கம் வரை பெரும்பாலும் பரிசாரகர் பணியில் மட்டுமே அமர்த்தியது. அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் மேசை விரிப்பது, மாட்டிறைச்சி வாட்டுவது, காபி ஊற்றுவது. வெள்ளை மாளிகையின் உணவுக்கூடத்திலும் நெடுங்காலம் இவர்கள்தான் வேலை செய்தார்கள். 2005இல் அந்த மாளிகையின் தலைமைச் சமையலராகி 2024 வரை அப்பொறுப்பில் இருந்த கிறிஸ்டெட்டா கோமர்ஃபோர்டு மணிலாவில் பிறந்தவர். உல்லாசக் கப்பல்களிலும் வளைகுடா விடுதிகளிலும் சமையற்கட்டில் நிற்பவர்களில் இந்நாட்டவர் ஏராளம். இத்தாலியப் பாஸ்தாவோ அரபு மந்திச் சோறோ கேட்டதைக் கேட்டபடி செய்து தரும் அந்தக் கைகளிடம் சினிகாங் வைக்கச் சொல்ல ஆள் இல்லை. இவ்வளவு சமையலர்களை உலகுக்கு அனுப்பிய நாடு தன் சமையலை அனுப்பவில்லை என்பது இந்த வரலாற்றின் மிக விசித்திரமான பகுதி.

கூச்சமும் அதன் வேரும்

தம் உணவை வெளியில் முன்வைக்க இருந்த கூச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்களைக் கொண்டுவந்து குடில்கள் கட்டிக் காட்சிப்பொருளாக வைத்தார்கள். இகோரோட் மலைமக்கள் எப்போதோ சடங்குக்காக நாய் அறுப்பதைப் பார்வையாளருக்காக அடிக்கடி செய்யவைத்தார்கள். நாய் தின்பவர்கள் என்ற ஏச்சு பிலிப்பினோக்கள் அனைவர்மீதும் ஒட்டிக்கொண்டது. உள்நாட்டில் அமெரிக்கப் பள்ளிகள் மனையியல் பாடமாகத் தகர டப்பா உணவையும் ரொட்டி சுடுவதையும் சொல்லிக் கொடுத்தன. விருந்தாளிக்கு டப்பாப் பழமும் ஹாமும், வீட்டாருக்குக் கருவாடு என்ற பிரிவினை வந்தது. மணிலாவிலேயே வசதியானவர்கள் வெளியில் போய்ச் சாப்பிட்டால் நெடுங்காலம் ஸ்பானிய, சீன, அமெரிக்க உணவைத்தான் தேடினார்கள். உள்ளூர் உணவு எழுத்துக்குரிய பொருள் என்று நிலைநாட்ட டோரீன் ஃபெர்னாண்டஸ் போன்ற ஓர் அறிஞர் 1980களிலும் 90களிலும் பாடுபட வேண்டியிருந்தது.

அரசும் பெரிதாக உதவவில்லை. தாய்லாந்து 2002இல் வெளிநாடுகளில் தன் உணவகங்களைப் பெருக்கவே தனித் திட்டம் வகுத்தது. தென்கொரியா 2009இல் அதே வழியில் இறங்கியது. பிலிப்பைன்ஸ் 2015இல் ஸ்பெயினின் மாட்ரிட் ஃபூசியோன் உணவு மாநாட்டை மணிலாவுக்கு வரவழைத்துச் சில ஆண்டுகள் நடத்தியது. அதில் வந்துபோனவர்கள் சமையல் வல்லுநர்கள். கடை திறக்க நினைத்த சிறு முதலாளிக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை.

ஜாலிபீ விதிவிலக்கா?

1978இல் நிறுவனமாகி, 1998இல் கலிபோர்னியாவின் டேலி சிட்டியில் முதல் அமெரிக்கக் கிளையைத் திறந்த ஜாலிபீ துரித உணவகத் தொடர் இன்று பல நாடுகளில் இருக்கிறது. வெளிநாட்டில் இந்த நாட்டின் மிகப் பெரிய உணவுப் பெயர் அதுதான். அங்கே விற்பது பொரித்த கோழி, பர்கர், தொத்திறைச்சி போட்ட இனிப்பு ஸ்பகெட்டி. அமெரிக்கர் கொண்டுவந்ததை நாக்குக்கேற்ப மாற்றி அமெரிக்கருக்கே திருப்பி விற்கும் வித்தை என்று பாராட்டலாம். அடோபோவுக்கு அது வழி திறக்கவில்லை.

அண்மைக் காலம்

2012இல் தொலைக்காட்சிச் சமையலர் ஆண்ட்ரூ ஸிம்மர்ன் அடுத்த பெரிய அலை பிலிப்பைன்ஸ் உணவுதான் என்று கணித்தார். அதற்கு முன்பே, 2009இல், சமையலரும் எழுத்தாளருமான ஆண்டனி போர்டெய்ன் செபு தீவின் லெச்சோனைத் தாம் தின்றதிலேயே சிறந்த பன்றி என்று கொண்டாடியிருந்தார். சிசிக் உலகை வெல்லும் என்பதும் அவர் கணிப்பு. அந்தச் சிசிக்கின் இன்றைய வடிவம் அமெரிக்க விமானத்தளம் இருந்த ஏஞ்சலஸ் நகரத்தில், ரயில் பாதையோரம் கடை வைத்திருந்த லூசியா குனானன் 1970களில் ஆக்கியது. தளத்தின் சமையற்கூடம் கழித்துவிட்ட பன்றித்தலைகளை மலிவாக வாங்கி, காதையும் தாடையையும் அவித்து, தணலில் வாட்டி, பொடியாக நறுக்கி, வெங்காயமும் கலமான்சியும் சேர்த்துச் செய்தது.

கணிப்புகள் உடனே பலிக்கவில்லை, முற்றாகப் பொய்க்கவும் இல்லை. மருத்துவமனைக்குப் போன தலைமுறையின் பிள்ளைகள் சமையல் பள்ளிக்குப் போகத் தொடங்கினார்கள். 2015இல் வாஷிங்டனில் திறந்த ‘பேட் செயின்ட்’ மறு ஆண்டே அமெரிக்காவின் சிறந்த புதிய உணவகங்களில் இரண்டாம் இடத்தை ‘பான் அப்பெட்டி’ இதழிடம் பெற்றது. அதன் சமையலர் டாம் குனானனுக்கு 2019இல் ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. கொரோனாவுக்குப் பின் 2022இல் கடை மூடப்பட்டது. அதே ஆண்டு சிகாகோவின் ‘கசாமா’ மிஷெலின் நட்சத்திரம் பெற்றது; பிலிப்பைன்ஸ் உணவகம் ஒன்றுக்கு உலகில் கிடைத்த முதல் நட்சத்திரம் அது.

உணவகங்களைவிட வேகமாகப் பரவியது ஊபே என்ற ஊதாக் கிழங்கு. யாழ்ப்பாணத்தார் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கூழ் காய்ச்சும் இராசவள்ளிக் கிழங்கும் இதே இனம்தான். அமெரிக்கப் பேரங்காடிகளில் ஊபே ஐஸ்கிரீமும் மாவுப் பொட்டலமும் வந்துவிட்டன. வாங்குபவர்கள் எல்லாரும் அது எந்த நாட்டுக் கிழங்கு என்று கேட்பதில்லை. உயர்தர உணவகங்களுக்கும் பேரங்காடி இனிப்புக்கும் நடுவே, சிறு நகரக் கடைத்தெருவில் தாய்லாந்துக் கடை பிடித்திருக்கும் இடம் பிலிப்பைன்ஸ் சமையலுக்கு இன்னும் கிடைக்கவில்லை. கசாமா பகலில் லொங்கனீசா தொத்திறைச்சி வைத்த ரொட்டியைக் கல்லாவில் விற்கிறது, இரவில் பல சுற்று விருந்து பரிமாறுகிறது. முன்னதற்கு வரிசையில் நிற்க வேண்டும், பின்னதற்கு முன்பதிவு வேண்டும்.