ஒரு சாண் முந்தி

நெசவில் டிசைன் திருட ரொம்ப காலத்துக்கு ஒரு கத்திரிக்கோல் போதுமாக இருந்தது. கடையில் காசு கொடுத்து ஒரு சேலை வாங்க வேண்டியது, முந்தியில் ஒரு சாண் வெட்டி எடுக்க வேண்டியது. நூல் எண்ணும் கண்ணாடியை அதன் மேல் வைத்து, ஊடை எந்தப் பாவுக்கு மேலே ஏறுகிறது, எதற்குக் கீழே போகிறது என்று எண்ணி எண்ணிக் கட்டத்தாளில் நிரப்பினால் டிசைன் கைக்கு வந்துவிடும். ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் சக்கம்பட்டியில் எனக்கு அதுதான் பிழைப்பு. கிராஃப் போடுகிறவன். சொந்தமாக வரைந்தவை உண்டு. "அண்ணே, இதை அப்படியே இறக்கிக் குடுங்க" என்று முதலாளிமார் நீட்டிய துண்டுகளை இறக்கிக் கொடுத்ததும் உண்டு. நான் வரைந்ததை டி.சுப்புலாபுரத்தில் ஒருவர் இறக்கியிருப்பார். அதற்காக யாரும் யார் வீட்டு வாசலிலும் போய்ச் சண்டை போட்டதில்லை.

சண்டை வராததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை, வேலை அப்படி. அங்குலத்துக்கு 60 ஊடை ஓடுகிற சேலையில் எட்டு அங்குலத்துக்கு ஒரு பூ என்றால், ஊடைக்கு ஓர் அட்டை என்று வைத்தாலே 480 அட்டை வேண்டும். ஒவ்வொன்றிலும் கிராஃபைப் பார்த்துத் துளை அடிக்க வேண்டும். அடித்ததை வரிசை மாறாமல் கோத்துத் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டில் மாட்ட வேண்டும். ஒரே ஒரு துளை தப்பினாலும் ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில் பிழை விழும், அந்த அட்டையைத் தேடிப் பிடித்துத் திரும்ப அடிக்க வேண்டும். இத்தனையும் முடிந்து நகல் தறியில் ஏறும்போது அசல் சேலை தீபாவளிக்கு விற்று முடிந்திருக்கும். நகல் எடுத்தவருக்கு மிஞ்சியது பொங்கலும் வீரபாண்டித் திருவிழாவும்தான். சட்டம் எங்களைக் காப்பாற்றியதாக எனக்கு நினைவில்லை. நகல் எடுக்க ஆன நேரம்தான் காப்பாற்றியது.

இந்தக் கத்திரிக்கோல் வேலையை எங்களைவிடப் பெரிய அளவில் செய்தவர் ஒருவர் உண்டு. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். லண்டனில் இந்தியா ஆபீஸில், இந்திய விளைபொருள்களைப் பற்றி அறிக்கை தருகிற பதவியில் இருந்தார். 1866இல் நம் ஊர்த் துணிகளைத் துண்டு போட்டு, 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் ஒட்டி வைத்தார். தலைப்பாகை, லுங்கி, சேலை, மஸ்லின் எல்லாம் அதில் இருந்தன. எந்தத் துணி, எவ்வளவு நீளம், எங்கே கிடைத்தது என்று குறிப்பும் சேர்த்திருந்தார். இப்படி 20 செட். 13 பிரிட்டனில் ஜவுளித் தொழில் நடந்த ஊர்களுக்குப் போயின, 7 இந்தியாவுக்கு வந்தன. நோக்கத்தை அவர் மறைக்கவில்லை. இந்தியர் எதை உடுத்துகிறார்கள் என்று அங்கே ஆலை வைத்திருப்பவர் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதையே நெய்து இங்கே விற்க வேண்டும். 18 தொகுதியிலும் துணியின் அளவு இருக்கும், விலை இருக்கும். கட்டம் போட்டவன் பெயர் எங்கும் இருக்காது. வேலை மட்டும் சுத்தமாக இருக்கும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சொந்த டிசைன் என்று வந்தபோது அதே நாட்டார் வெகு உஷாராக இருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுத் துணிக்கு இங்கிலாந்தில் அவ்வளவு மவுசு. உள்ளூர் நெசவாளர் கொதித்ததில் 1721இல் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே தடை போட்டார்கள், 1774இல் எடுத்தார்கள். அதற்குள் அச்சுத் தொழிலை அவர்களே கற்றுத் தேறிவிட்டார்கள். பிறகு 1787இல், புது அச்சு டிசைனை வேறொருவர் நகல் எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பாதுகாப்பு இரண்டே மாதம். துணி வியாபாரத்தில் இரண்டு மாதம் என்பது எவ்வளவு என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம். பிரான்சில் பட்டு நெய்த லியோன் நகரம் இன்னும் முந்திக்கொண்டது. ஒருவர் டிசைனை இன்னொருவர் எடுக்கக் கூடாது என்று 1711இலேயே அங்கே உத்தரவு இருந்தது.

இந்தியாவுக்கு 1872இல் ஒரு டிசைன் சட்டம் வந்தது, 1911இல் இன்னொன்று. இப்போது நடப்பது 2000ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு செய்தால் 10 ஆண்டு, புதுப்பித்தால் மேலே 5. நகல் எடுத்தவரிடம் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய், ஒரு டிசைனுக்கு மொத்தமே 50,000 வரை வாங்கலாம். அது வேண்டாம் என்றால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், வழக்கு நடத்தத் தெம்பு இருந்தால்.

பதிவு செய்யாவிட்டால், வரைந்த படத்துக்குக் காப்புரிமை இருக்கிறதே என்று ஒரு வக்கீலிடம் கேட்டேன். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 15ஆம் பிரிவைப் படிக்கச் சொன்னார். பதிவு செய்யத் தக்க டிசைனைப் பதியாமல் விட்டு, அதைத் தொழில்முறையில் 50 உருப்படிக்கு மேல் செய்துவிட்டால் அந்தக் காப்புரிமை போய்விடும். டெல்லியில் ஆடை வடிவமைப்பாளர் தருண் தஹிலியானியின் நிறுவனத்துக்கு 2008இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு சாதகமாக வந்தது. அவர்கள் தைத்த உடைகள் 50ஐத் தாண்டவில்லை. ஒரு டிசைனில் 50 சேலையோடு நிறுத்தினால் எங்கள் ஊரில் அட்டை அடித்த கூலி கட்டாது. பணக்காரருக்கு நாலைந்து உருப்படி செய்கிறவரின் படம் தப்பித்தது, ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிற பெண்களுக்கு ஐந்நூறு செய்கிறவரின் படம் தப்பாது. கைத்தறி தொழில்முறை உற்பத்திதானா என்று வாதாட இடம் இருக்கிறது என்றார் வக்கீல். இருக்கலாம், வாதாட யார் போவது?

கைத்தறிக்கு என்றே 1985இல் ஒரு சட்டம் வந்தது. 22 ரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1993இல் செல்லும் என்று தீர்ப்பானது, பிறகு 22 ரகம் 11 ஆகச் சுருங்கியது. அந்தச் சட்டத்துக்கு எந்தத் தறியில் நெய்தாய் என்பதுதான் கேள்வி. யார் வரைந்தது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. எங்கள் பக்கத்தில் விசைத்தறிச் சத்தம்தான் வருஷத்துக்கு வருஷம் கூடியது. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெரிதாகச் சொல்கிறார்கள். அது பெயருக்குத்தான் காவல். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய புள்ளியைப் போலவே ஸ்கிரீனில் அச்சடித்து வேறு பெயரில் விற்றால் அது என்ன செய்யும்?

இப்போது அட்டையும் இல்லை. எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு பென் டிரைவில் ஒரு ஃபைல் போதும். சேலையைக்கூட வாங்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் விரித்துக் கட்டம் போட்டுக்கொள்கிறார்கள். தீபாவளிக்கு முன்பே அசலும் நகலும் ஒரே கடையில் தொங்குகின்றன, நகலுக்கு விலை குறைவு. போட்டோவின் குறுக்கே கடைப் பெயரைப் பெரிதாகப் போட்டு அனுப்புகிறார்கள் சிலர். அந்தப் போட்டோவையே வைத்துப் பொய்க் கடை நடத்துகிறவனுக்கு வேண்டுமானால் அது இடைஞ்சல். நெய்கிறவனுக்குப் பெயருக்கு அடியில் பூ தெரிந்தால் போதும்.

போட்டோவுக்கும் சேலைக்கும் சட்டம் வைத்திருக்கிற வித்தியாசத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். மொபைலில் போட்டோ எடுத்தவருக்கு அதன் மேல் வாழ்நாள் முழுக்கவும், செத்த பிறகு 60 ஆண்டும் உரிமை உண்டு. பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம். போட்டோவில் இருக்கிற முந்திக்குப் பதிவு வேண்டும். தனி ஆளுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கோப்பு கொல்கத்தாவுக்குப் போகும். ஆனால் விண்ணப்பிக்கும் முன்னால் அந்த டிசைன் உலகத்தில் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. இங்கேதான் சிக்கல். ஆர்டர் வராத டிசைனுக்கு ஆயிரம் ரூபாய் கட்ட யாருக்கு மனசு வரும்? ஆர்டர் வேண்டுமென்றால் கடைக்காரர்களுக்கு போட்டோ போக வேண்டும். போட்டோ நாலு குரூப்பில் சுற்றிவிட்டால் அது புது டிசைன் என்று சொல்ல வழியில்லை.

எத்தனை டிசைனுக்கு ஆயிரம் ஆயிரமாகக் கட்டுவது என்று சேலை போடுகிற என் மருமகன் கேட்டார். எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டாம், கரையையும் புட்டாவையும் விட்டுவிடுங்கள், அவை ஊருக்கே பொது. பொங்கலுக்குப் போடுகிற முந்தி ஒன்றை மட்டும் விண்ணப்பம் போகிற வரைக்கும் யாருக்கும் காட்டாமல் வைத்திருங்கள் என்றேன். யோசித்துக்கொண்டிருக்கிறார். மதுரையில் ஒரு கடைக்காரர் போட்டோ எங்கே என்று அவருக்கு இரண்டு தடவை போன் போட்டுவிட்டாராம்.